ஐந்து கிலோவாட் மௌனம்

செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்காலுக்கு
குவாரியில் வெடி வைத்தார்கள்.
குன்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.
தேங்காய் அளவில் ஒரு கல்
குன்றைத் தாண்டி வந்து
டிஷ்ஷின் நடுவயிற்றில் இறங்கியது.

"எங்க கல் இல்ல சார்" என்றார் குவாரி மேலாளர்.
கையில் வாங்கி, எடை பார்ப்பவர் போல
இப்படியும் அப்படியும் புரட்டி,
"மேலேயிருந்து வந்திருக்கும்" என்றார்.
மேலேயிருந்து வருவதை வாங்கத்தான்
அந்த டிஷ் அங்கே இருந்தது.
அதை நான் சொல்லவில்லை.

எங்களுக்கென்று ஸ்டுடியோ கிடையாது.
சென்னையில் யாரோ பேசுவார்கள்.
பேச்சு விண்ணுக்கு ஏறி
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் இறங்கி
கணியம்பாடிக்கு மேற்கே இந்தக் குன்றில் விழும்.
பிடித்து, பெருக்கி, கோபுரத்தில் ஏற்றுவோம்.
அன்றிரவு பிடிக்க ஒன்றுமில்லை.
கோபுரம் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

ஒன்பது மணிக்கு போன்.
மேல்விஷாரம், தோல் கிடங்கு, இரவுக் காவலர்.
"ரேடியோ நின்னு போச்சா?"
நிற்கவில்லை என்றேன்.
"நின்னா உஸ்ஸுன்னு இரையும்.
இது இரையவும் இல்ல.
யாரோ வாசல்ல வந்து நின்னுக்கிட்டு
வாயத் திறக்க மாட்டேங்கிற மாதிரி இருக்கு."

இருபத்தொரு வருட சர்வீஸில்
கேரியர் அலை என்றால் என்னவென்று
எந்தப் பொறியாளரும் எனக்கு
இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.
காலையில் பேசும் என்றேன்.
"சரி, இருக்கட்டும். அணைக்கல" என்று வைத்துவிட்டார்.

நான் அணைத்திருக்கலாம். விதி இருக்கிறது,
மின்சாரம் மிச்சம்.
ஐந்து கிலோவாட்டையும் அப்படியே விட்டுவைத்தேன்,
ஆம்பூர் வரைக்கும், ஆற்காடு வரைக்கும்
ஒன்றும் சொல்லாமல்.
லாக்புக்கில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.

புது டிஷ் நாலு துண்டாக வந்தது.
மினிலாரி கடைசி வளைவோடு நின்றுகொள்ள
அதன்பின் தோள்கள்தான்.
பாறைச் சூட்டில் செருப்பு இளகியது.
கரீமுல்லா மேலே, சம்பங்கி கீழே,
துருப்பிடித்த ஏழு போல்ட்டும் மண்ணெண்ணெய்க்கு மசிந்தன.
எட்டாவதை வாளால் அறுத்தோம்.
பழைய டிஷ்ஷின் முதுகில் குளவிக்கூடு இருந்ததை
சம்பங்கியின் காது முதலில் அறிந்தது,
பிறகு எல்லோரும்.

தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே,
கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது எங்கள் செயற்கைக்கோள்.
பதினோரு மணி வெயிலும் அங்கேதான் இருந்தது.
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
மீட்டரைப் பார்த்து அற்புதமேரி சொல்லச் சொல்ல
கரீமுல்லா திருப்பினார்:
பூஜ்யம். பூஜ்யம்.
பன்னிரண்டு... போச்சு.
ஒரு நூல் கிழக்கே.
அரை நூல். அண்ணே, கையை எடுங்க,
உங்க மூச்சுக்கே ஆடுது.

அறுபத்தெட்டில் நின்றது.
எங்கோ பாதி வாக்கியத்தில் ஒரு பெண் குரல்:
"...கிலோ பதினெட்டு ரூபாய், பீர்க்கங்காய்..."

மேலேயிருந்து கரீமுல்லா கத்தினார்:
"எந்த மார்க்கெட்டும்மா? கேளு!"
அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

அன்றிரவு ஒன்பதுக்கு போன் அடிக்கவில்லை.
பத்துக்கும் இல்லை.
கிடங்கில் ரேடியோ பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்,
அல்லது அணைத்துவிட்டார்.

கல்லை டிரான்ஸ்மிட்டர் அறைக் கதவுக்கு
முட்டுக் கொடுத்திருக்கிறோம்.
அதை இருப்புப் பதிவேட்டில்
எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று கேட்டு
மேலே எழுதியிருக்கிறேன்.
மேலேயிருந்து
இன்னும் ஒன்றும் வரவில்லை.